பிராக் மதிய உணவுப் படகு: உங்கள் மனதை விட்டுப் போகாத ஒரு காட்சி எது?

ஆற்றங்கரை மகள்

செக் நாட்டுத் தலைநகர் பிராக்கில், வல்டாவா ஆற்றின் செக் பாலத்துக்கு அருகிலிருந்து நண்பகலில் கிளம்பும் இரண்டு மணி நேரப் படகைத்தான் சொல்கிறேன். பிராக் போன பலரும் அதில் ஏறியிருப்பீர்கள். கண்ணாடிக் கூரை, பஃபே மேசை, பல மொழி விளக்கம் எல்லாம் உங்களுக்குத் தெரியும். நேராக ஸ்மீகோவ் லாக்குக்கு (படகை உள்ளே விட்டுக் கதவை மூடி, தண்ணீர் மட்டத்தை மாற்றி ஏற்றி இறக்கும் அறை) வந்துவிடுகிறேன்.

என் அப்பா பொதுப்பணித் துறையில் 31 ஆண்டுகள் லஸ்கர். காவிரிப் பாசனக் கால்வாய்களின் மதகுகள்தான் அவருடைய உலகம். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் எங்கள் வீட்டில் அவர் உறங்கும் நேரமே மாறிவிடும். ஷட்டரை எத்தனை அங்குலம் தூக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதைத் தண்ணீரின் சத்தத்தை வைத்தே சொல்வார். அவரைத்தான் அழைத்துப் போயிருந்தேன்.

படகு குழந்தைகள் தீவை ஒட்டிய லாக்குக்குள் நுழைந்தது. பின்னால் கதவு மூடியது. ஜன்னலுக்கு வெளியே பாசி பிடித்த ஈரச் சுவர் மட்டும். பார்க்க ஒன்றுமில்லை என்று எல்லோரும் இரண்டாவது தட்டு நிரப்பப் போய்விட்டார்கள். அப்பா மட்டும் தட்டை வைத்துவிட்டு எழுந்தார். நேராக முன்பக்கக் கதவருகே போய், சுவரில் ஈரக்கோடு மெல்லக் கீழே போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோடு கீழே போகவில்லை, படகுதான் மேலே வருகிறது. அவர் முகத்தில் அப்போது இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

வழிகாட்டி மைக்கில் "ஐயா, தயவுசெய்து உட்காருங்கள்" என்றார். எல்லோரும் திரும்பினார்கள். நான் எழுந்து போய், "அப்பா, உட்காருங்கள், எல்லோரும் பார்க்கிறார்கள்" என்றேன். உடனே வந்து உட்கார்ந்தார். முள்கரண்டியைக் கையில் எடுத்தார், சாப்பிடவில்லை. முன்கதவு திறந்தபோது அவருடைய முதுகு அதன் பக்கம் இருந்தது.

கோட்டையையும் தேவாலயத்தையும் நான் காட்டியதால் பார்த்தார். அந்தப் பத்து நாளில் அவராக எழுந்து போய்ப் பார்த்தது அது ஒன்றைத்தான். இரண்டு வருடமாகியும் என்னால் இதைக் கடக்க முடியவில்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

மணப்பாட்டுக்காரி

சகோதரி, படித்ததும் நெஞ்சு கனத்தது. என்னுடையது சிறியதுதான்.

எங்கள் கடற்கரையில் சவேரியார் என்றால் வீட்டுப் பெரியவர் மாதிரி. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தவர். மணப்பாட்டில் அவர் தங்கிய குகை இருக்கிறது, என் பாட்டி வாரம் ஒருமுறையாவது அங்கே போவார். பிராக்கின் பழைய கல் பாலமான சார்லஸ் பாலத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது என்றும், அவரைத் தாங்கி நிற்கும் மனிதர்களில் ஒருவர் இந்தியர் என்றும் முன்பே படித்திருந்தேன். அதற்காகவே படகில் போனேன். பாலத்தின் அடியில் போகும்போது நன்றாகத் தெரியும் என்று நினைத்தேன்.

தெரியவில்லை. அந்தப் பாலத்தின் சிலைகள் எல்லாம் நடப்பவர்களைப் பார்த்து நிற்கின்றன. ஆற்றிலிருந்து பார்த்தால் முப்பதும் முதுகுகள். எது சவேரியார் என்று வழிகாட்டியிடம் கேட்டேன். அவர் விரலை நீட்டியபோது பரிமாறுபவர் எனக்கும் ஜன்னலுக்கும் நடுவில் சூப்பை வைத்துக்கொண்டிருந்தார். அவர் விலகியபோது வளைவின் இருட்டு வந்துவிட்டது.

மாலையில் நடந்தே பாலத்துக்குப் போனேன். முதலில் வைத்த 1711-ஆம் ஆண்டுச் சிலை 1890 வெள்ளத்தில் ஆற்றில் விழுந்துவிட்டதாம். மூன்று வளைவுகள் இடிந்து, அவற்றோடு இவரும் போயிருக்கிறார். இப்போது நிற்பது 1913-இல் வைத்த பிரதி. தாங்கி நிற்கும் மனிதனின் தோளைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டுமரம் தள்ளும் எங்கள் ஊர் ஆண்களின் தோள் அப்படித்தான் இருக்கும்.

நெடுவழிப் பயணி

முதல் பதிவு எழுதிய சகோதரிக்கு: வழிகாட்டி சொன்னது சரி. லாக்குக்குள் படகு சுவரில் உரசலாம், முன்பக்கம் நிற்பது ஆபத்து. மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

என் அனுபவம்: என் மனைவி சுத்த சைவம். உருளைக்கிழங்கு சூப் என்று எழுதியிருந்ததை நம்பி எடுத்தார். மூன்றாவது கரண்டியில் பன்றி இறைச்சித் துண்டு வந்தது. கரண்டியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு மணி நேரமும் திரும்பவில்லை. அவ்வளவுதான்.

இனிப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்லியே ஆக வேண்டும். முதலில், சைவம் என்று பதிவு செய்யும்போதே எழுதுங்கள், ஏறியதும் மறுபடி சொல்லுங்கள். 'பெஸ் மாசா' என்றால் செக் மொழியில் இறைச்சி இல்லாமல் என்று பொருள். ஒவ்வொரு பாத்திரத்தையும் காட்டிக் கேளுங்கள், சூப்பை எதில் கொதிக்க வைத்தார்கள் என்பது உட்பட. க்னேட்லிக் என்று நறுக்கி வைத்திருப்பார்களே, அந்த வேகவைத்த மாவு உருண்டையில் பெரும்பாலும் இறைச்சி இருக்காது, ஆனால் முட்டை இருக்கலாம், பக்கத்தில் ஊற்றும் குழம்பும் பயம்தான். முட்டை சாப்பிடுபவர்களுக்கு வறுத்த பாலாடைக்கட்டி கிடைத்தால் வயிறு நிறையும், அதன் மேல்பூச்சில் முட்டை இருக்கும்.

அடுத்து இடம். ஆற்றை எதிர்த்துத் தெற்கே போகும்போது கோட்டை வலப்பக்கம் வரும், தேசிய நாடக அரங்கும் நடனமாடும் கட்டிடமும் இடப்பக்கம் வரும். திரும்பும்போது எல்லாம் மாறிவிடும். ஆகவே எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் நட்டமில்லை, இதற்காக ஏறும்போதே முண்டியடிக்க வேண்டாம். சாப்பாட்டை மட்டும் அவசரப்பட்டு எடுக்காதீர்கள். கிளம்பிய சிறிது நேரத்திலேயே மானெஸ் பாலம், அடுத்தது சார்லஸ் பாலம். எல்லோரும் வரிசையில் நிற்கும்போதுதான் அது தலைக்கு மேலே போகும். அதைத் தாண்டி, லாக்குக்குள் நுழைந்த பிறகு தட்டை எடுங்கள். படகு நிற்கும் நேரம், குழம்பும் சிந்தாது. முதியவர்களோடு போகிறவர்கள் மேல்தளத்துக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள், ஆற்றுக்காற்று கோடையிலும் குளிரும். ஒரு மணி நேரப் படகுகளும் இருக்கின்றன. பெரும்பாலும் லாக்குக்குள் போவதில்லை, சாப்பாடும் கிடையாது. என்னைக் கேட்டால் அதில் போய்விட்டுக் கரையில் சாப்பிடுவதே நல்லது.

கொத்தனார் பேரன்

நெடுவழிப் பயணி ஐயா, லாக்குக்குள் நுழைந்த பிறகு தட்டை எடுங்கள் என்கிறீர்களே, அந்தச் சகோதரியின் அப்பா தட்டை வைத்ததே அங்கேதான். மேலே ஒருமுறை படித்துவிட்டு எழுதுங்கள்.

சார்லஸ் பாலத்தைக் கட்டும்போது சுண்ணாம்புக் காரையில் முட்டை கலந்தார்கள் என்று படகில் ஒரு கதை சொல்வார்கள். பொஹீமியா நாடு முழுவதிலிருந்தும் முட்டை வந்ததாம், வெல்வாரி என்ற ஊர்க்காரர்கள் மட்டும் உடையாமல் இருக்கட்டும் என்று வேகவைத்து அனுப்பிவிட்டார்களாம். வழிகாட்டி வேகவைத்த முட்டை என்றதும் படகு முழுவதும் சிரித்தது. அது சிரிக்க வேண்டிய இடம்தான். எனக்கு வரவில்லை. பக்கத்து மேசைக்காரர், பாலத்துக்குள் ஆம்லெட் இருக்கிறது என்று சொல்லி இன்னும் பலமாகச் சிரித்தார்.

என் தாத்தா செட்டிநாட்டு வீடுகளுக்குச் சுவர்ப் பூச்சு வேலை செய்தவர். சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைத்து, அரைத்து, கடுக்காய்த் தண்ணீர் சேர்த்து, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு விடுவார்கள். கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துத்தான் அந்தப் பளபளப்பு வரும். தாத்தாவின் உள்ளங்கையில் சுண்ணாம்பு தின்ற குழிகள் இருந்தன. சிறுவயதில் அதில் விரல் வைத்து விளையாடுவேன்.

பாலத்தின் அடியில் போனபோது கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருந்த காரையைப் பார்த்தேன். 1357-இல் தொடங்கிய வேலை. நாலைந்து நொடிதான், அப்புறம் வெளிச்சம் வந்துவிட்டது. எழுந்து நின்று, எங்கள் வீட்டில் இதைச் செய்திருக்கிறோம் என்று அந்தப் படகில் யாருக்காவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் கீழே இறங்கிவிட்டேன்.

ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை

தம்பி, உங்கள் தாத்தாவின் கைகளைப் பற்றிப் படித்ததில் மகிழ்ச்சி. ஆனால் செட்டிநாட்டில் முட்டை கலந்தார்கள் என்பதால் பிராக்கிலும் கலந்தார்கள் என்று ஆகிவிடாது. வெல்வாரிக் கதை கதைதான். படகு வழிகாட்டிகள் கதையையும் வரலாற்றையும் ஒரே தட்டில் பரிமாறிவிடுகிறார்கள், என் வருத்தமே அதுதான்.

சார்லஸ் பாலத்தில் சிலையாக நிற்கும் புனிதர் நேபொமுக் யோவானையே எடுத்துக்கொள்ளுங்கள். ராணியின் பாவ அறிக்கையை அரசனிடம் சொல்ல மறுத்ததால் பாலத்திலிருந்து ஆற்றில் எறியப்பட்டார் என்று எங்கள் படகில் உருகிச் சொன்னார்கள். 1393-இல் அவரைக் கொன்று ஆற்றில் போட்டது உண்மை. அவர் பிராக் பேராயரின் கீழ் பெரிய பொறுப்பில் இருந்தவர். ஒரு மடத்துக்குத் தலைவரை நியமிப்பதில் பேராயருக்கும் நான்காம் வென்செஸ்லாஸ் மன்னனுக்கும் இருந்த மோதலில் பலியானவர். ராணியின் கதை பின்னால் வந்து சேர்ந்தது. 1683-இல் பாலத்தில் சிலை, 1729-இல் புனிதர் பட்டம்.

இறங்கும்போது அந்த வழிகாட்டிப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். இருபத்தைந்து வயது இருக்கும். "எனக்குத் தெரியும் அம்மா, மடத்துத் தலைவர் நியமனம் என்று சொன்னால் யாரும் தட்டிலிருந்து தலையைத் தூக்குவதில்லை" என்றாள். அன்று அவளுக்கு அது மூன்றாவது பயணமாம். தொண்டை கட்டியிருந்தது. நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்னும் யோசிக்கிறேன். முப்பது வருடம் பள்ளியில் நானும் அதே தலைகளைத்தான் பார்த்தேன்.

கொத்தனார் பேரன்

அம்மா, முட்டை கலந்தார்கள் என்று நான் சொல்லவே இல்லை. சிரித்தார்கள் என்றுதான் எழுதினேன்.

அடையாற்றுக் குடும்பம்

சண்டைக்கு நடுவில் வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சார்லஸ் பாலத்தின் பழைய நகர்ப் பக்கத்தில், கரைச்சுவரில் தாடிக்காரர் தலை ஒன்று கல்லில் இருக்கும். தண்ணீர் அவர் தாடியைத் தொட்டால் ஊர் கவனிக்கத் தொடங்கும், உச்சந்தலை மூழ்கினால் பழைய நகரச் சதுக்கத்துக்கே தண்ணீர் வந்துவிடும் என்பார்கள். நாங்கள் போன நாளில் தண்ணீர் வெகு கீழே இருந்தது. வழிகாட்டி காட்டினார், எல்லோரும் படம் எடுத்தார்கள்.

நான் வெளித்தளத்தில் இருந்தேன். கயிறு கட்டும் வயதான பணியாளர் ஒருவர் அருகில் நின்றார். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சமும் வராது. தாடிக்காரரைக் காட்டி, "2002?" என்றேன். அந்த ஆகஸ்டில்தான் மெட்ரோ சுரங்கங்கள் வரை தண்ணீர் போனது. அவர் கயிற்றை விட்டுவிட்டுக் கையைத் தன் தலைக்கு மேல் உயர்த்தினார். போதாது என்று குதிகாலை உயர்த்தி, இன்னும் மேலே காட்டினார். அப்புறம் கம்பா தீவுப் பக்கம் ஒரு வீட்டைக் காட்டித் தன் மார்பில் கை வைத்தார். அவருடைய வீடா, உறவினர் வீடா, எனக்குப் புரியவில்லை.

நான் என் கையை என் கழுத்தருகே வைத்து, "சென்னை, 2015" என்றேன். எங்கள் கீழ்வீட்டில் டிசம்பர் 2 அன்று அவ்வளவு தண்ணீர். அவருக்குச் சென்னை தெரிந்திருக்க வாய்ப்பில்லை. என் கழுத்தையும் என் கையையும் பார்த்தார். தலையசைத்தார். உள்ளே போய் இரண்டு கோப்பையில் காபி கொண்டுவந்தார், ஒன்று எனக்கு. அந்தக் காபிக்குப் பணம் வாங்கவில்லை. படகு கரை சேரும் வரை இருவரும் அங்கேயே நின்றோம். சாப்பாடு என்னவென்று எனக்கு நினைவில்லை.

நெடுவழிப் பயணி

கொத்தனார் பேரன் சொன்ன பிறகு முதல் பதிவை மீண்டும் படித்தேன். தட்டு பற்றி நான் எழுதியது தவறு. மன்னிக்க வேண்டும் சகோதரி. ஆனால் அப்பாவை மறுபடி அழைத்துப் போக முடிந்தால் போங்கள். படகே வேண்டாம். குழந்தைகள் தீவு லாக்கை ஒட்டித்தான் இருக்கிறது, அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தால் படகுகள் ஏறுவதையும் இறங்குவதையும் நாள் முழுவதும் பார்க்கலாம். யாரும் உட்காரச் சொல்ல மாட்டார்கள்.

ஆற்றங்கரை மகள்

எல்லோருக்கும் நன்றி. பெஞ்சு பற்றி எழுதியதைப் பார்த்ததும் அப்பாவுக்குத் தொலைபேசியில் பேசினேன். முழங்கால் வலி, இனி அவ்வளவு தூரம் விமானத்தில் உட்கார முடியாது என்றார். அதனால் முதல்முறையாக அன்று நடந்ததைப் பற்றிக் கேட்டேன். நான் உட்காரச் சொன்னது நினைவிருக்கிறதா என்றேன். "எப்போது சொன்னாய்?" என்றார். உண்மையாகவே மறந்துவிட்டாரா, எனக்காகவா என்று குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆனால் லாக்கைப் பற்றிக் கேட்டதும் நிமிர்ந்துவிட்டார். மேலிருந்து வரும் தண்ணீரை ஒரேயடியாக விடாமல் அடியில் சிறு திறப்பு வழியே விட்டதால்தான் படகு ஆடவில்லை, மேசையில் இருந்த டம்ளர் தண்ணீர்கூட அலையவில்லை, அதைக் கவனித்தாயா என்றார். மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைக்க வேண்டியதில்லை, மேல்மட்டத்துத் தண்ணீர் தானே வந்து படகைத் தூக்கிவிடுகிறது, நம் ஊரில் பக்கிங்காம் கால்வாயில் இப்படி லாக்குகள் இருந்தன என்று அவருடைய மேஸ்திரி சொல்லிக் கேட்டதோடு சரி, கண்ணால் பார்த்தது அன்றுதான் என்றார். இருபது நிமிடம் பேசினார். நான் குறிப்பெடுத்தேன்.

வைக்கப் போகும்போது, "அம்மாடி, அந்தப் பின்கதவு மூடும்போது கிறீச்சென்று ஒரு சத்தம் வந்ததே, அதற்கு யார் கிரீஸ் வைக்கிறார்கள் என்று அங்கே யாரையாவது கேட்க முடியுமா?" என்றார்.

அங்கே வசிப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், தெரிந்தால், எழுதுங்கள். அவர் காத்திருக்கிறார்.