விருது விழாவில் சொல்லாமல் விட்ட பெயர்
(நாடகக்காரர்கள் புனைபெயரில் எழுதிய பதிவுகள்; ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் புனைபெயர்)

மூன்றாம் மணி
சிறந்த ஒலியமைப்பு விருது எங்கள் நாடகத்துக்குக் கிடைத்தது. மேடையேறி வாங்கியவன் நான். நடுவர் குறிப்பில், இரண்டாம் காட்சியின் மழை அரங்கத்தையே நனைத்துவிட்டது என்று வாசித்தார்கள். அந்த மழை ஒலிப்பதிவு அல்ல. பக்கத்தட்டிக்குப் பின்னால் ஒரு பெரியவர் நின்று, தகரத் தட்டில் காய்ந்த பட்டாணியைச் சரித்துச் சரித்து உண்டாக்கியது. தட்டுக்கு எதிரே மைக் வைத்ததும் இடியோசையைச் சேர்த்ததும்தான் என் வேலை. படிவத்தில் ஒரு பெயருக்குத்தான் கட்டம் இருந்தது. என் பெயரை எழுதினேன்.

குறிப்பை வாசித்தபோது அவர் எனக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தார். மடியில் கிடந்த இரண்டு கைகளும் இல்லாத தட்டைப் பிடித்ததுபோல இடமும் வலமுமாக மெல்லச் சாய்ந்தன. அதைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்து போனேன். பேசுவதற்கு 30 நொடி. இயக்குநர், தயாரிப்பாளர், குழு, குடும்பம் என்று எல்லாருக்கும் நன்றி சொன்னேன். அவர் பெயர் வாயில் வரவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்ததும் கேடயத்தை வாங்கிக் கையில் ஏந்திப் பார்த்தார். "நல்ல கனம்" என்றார். ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன.

கடைசி வரிசை
நான் மறுபக்கத்தில் இருந்தவன். ஒரு முறை நடுவர் குழுவில் உட்கார்ந்தேன். ஒரே நாளில் மூன்று நாடகங்கள். மூன்றாவதில் இடைவேளைக்குப் பிறகு கண்ணயர்ந்துவிட்டேன். கைதட்டல் கேட்டு விழித்தபோது நாயகி முன்மேடையில் வணங்கிக்கொண்டிருந்தார். கண்மை கரைந்து கன்னத்தில் கோடாக இறங்கியிருந்தது. அழுதிருக்கிறார், எந்த இடத்தில், எதற்காக என்று எனக்குத் தெரியாது. நடிப்பு என்ற கட்டத்தில் 10க்கு 6 என்று எழுதினேன். பின்பாதியைப் பார்க்கவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்க வேண்டும். இறுதிப் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

படுதா
மூன்றாம் மணி, 30 நொடியைக் காரணம் காட்டாதீர்கள். ஒரு பெயரைச் சொல்ல இரண்டு நொடி போதும். எங்கள் இயக்குநர் விருது வாங்கியபோது திரை இழுத்த என் பெயர்வரை சொன்னார். அரங்கத்தில் என் பெயர் ஒலித்தது அந்த ஒரு முறைதான்.

இனி மேடையேறப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். மனப்பாடத்தை நம்பாதீர்கள், கைதட்டல் காதை அடைத்ததும் சொந்தப் பெயரே மறந்துபோகும். தாளில் எழுதுங்கள். முகத்தில் விளக்கு அடிக்கும்போது சிறிய எழுத்து தெரியாது, பெரிதாக எழுதுங்கள். திரைக்குப் பின்னால் நின்றவர்களிலிருந்து தொடங்குங்கள். இயக்குநர் பெயர் கடைசியில் வரட்டும். நேரம் முடிந்து அது விட்டுப்போனாலும் அவரை எல்லாருக்கும் தெரியும். படிவத்தில் ஒரு கட்டம்தான் என்றால் இணைப்புத் தாள் வையுங்கள். ஏற்க மாட்டோம் என்றால் காரணம் கேளுங்கள்.

ஒலிக்கென்று தனி விருது இருப்பதே பெரிய காரியம். அமெரிக்காவின் டோனி நாடக விருதில் 2008இல்தான் அது வந்தது. 2014 விழா முடிந்த கையோடு நீக்கிவிட்டார்கள். ஒலியை எப்படி மதிப்பிடுவது என்று வாக்காளர்கள் பலருக்குத் தெரியவில்லை என்பது அப்போது பேசப்பட்ட காரணங்களில் ஒன்று. கலைஞர்கள் கையெழுத்து இயக்கம் நடத்திப் போராடினார்கள். 2018 விழாவில் திரும்ப வந்தது. அப்படிப்பட்ட விருதை வாங்கும் இடத்தில் பெயரை விடலாமா?

அரிதாரம்
படுதா, அவர் காரணம் காட்டவில்லை. மனம் பொறுக்காமல் எழுதியிருக்கிறார். மறுபடி படித்துப் பாருங்கள்.

கடைசி வரிசை, உங்கள் பதிவைப் படித்துவிட்டு இரவு முழுக்கத் தூங்கவில்லை. அந்த 6 எனக்கு விழுந்ததாகவும் இருக்கலாம். பழைய ஏதென்ஸ் நகரத்து நாடகப் போட்டியில் சோஃபக்ளீசின் ஈடிபஸ் மன்னன் நாடகத்துக்கு இரண்டாம் இடம்தான் கிடைத்தது. அங்கே நடுவர்களைக் குலுக்கல் முறையில் எடுத்தார்கள். தவறான தீர்ப்பு அன்றும் உண்டு, அதை மன்னித்துவிடலாம். பார்க்காமல் போட்ட மதிப்பெண்ணை என்னால் மன்னிக்க முடியவில்லை.

என் அனுபவம் சிறியது. காட்சி முடித்து நேராக விழாவுக்கு ஓடினேன். விருது கொடுத்த மூத்த நடிகை என் காதோரம் குனிந்து, "அரிதாரம் ஒட்டியிருக்கிறதம்மா" என்று சொல்லி, தன் முந்தானையால் காதுக்குப் பின்னால் துடைத்துவிட்டார். பிறகுதான் கேடயத்தைக் கொடுத்தார். வெள்ளை முந்தானையில் செம்மண் நிறத்தில் கறை. அதன்பிறகு அவரைச் சந்திக்கவே முடியவில்லை.

மூன்றாம் மணி
படுதா சொன்னது உறைத்தது. இன்று காலை பெரியவரைத் தொலைபேசியில் அழைத்து, விழாவில் உங்கள் பெயரைச் சொல்லாமல் விட்டுவிட்டேன் ஐயா என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, தட்டு எங்கே என்று கேட்டார்.

குழுவின் இரும்புப் பெட்டியில் இருந்தது. பட்டாணியை வண்டு அரித்து மாவாக்கியிருந்தது. புதிதாக வாங்கிப் போட்டு, தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துச் சரித்துக் காட்டினேன்.

"இது தூறல்" என்றார். "இன்னும் ஒரு வாரம் வெயிலில் காய வை. மழை வரும்."