வெந்நீர்க் கலனுக்காக வண்டிக்கு உள்ளே வைக்கும் சுவிட்ச்: தமிழில் என்ன எழுதுவது?

கிருஷ்ணகிரியிலிருந்து மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். ஓசூர் சிப்காட் பகுதியில் ஒரு சிறிய பணிமனை, அமெரிக்காவில் ஓடும் வீட்டு வண்டிகளுக்கான சுவிட்ச் தொகுப்பு ஒன்றைக் கோத்து அனுப்பும் வேலையை எடுத்திருக்கிறது. அதன் பணித்தாளைத் தமிழில் பெயர்க்கும் பொறுப்பு என்னிடம் வந்துள்ளது. வெள்ளிக்கிழமை மாலை அச்சுக்குப் போக வேண்டும். மற்றவை முடிந்துவிட்டன, தலைப்பில் நிற்க வேண்டிய ஒரு சொல்தான் இழுத்துக்கொண்டே போகிறது.

பொருளைச் சொல்லிவிடுகிறேன். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாவற்றையும் உள்ளடக்கிய அந்த வண்டிகளின் பக்கச் சுவரில் 6 கேலன், அதாவது ஏறத்தாழ 23 லிட்டர் கொள்ளும் வெந்நீர்க் கலன் பதிக்கப்பட்டிருக்கும். எரிவாயுவாலும் அது சூடேறும், மின்சாரத்தாலும் சூடேறும். சபர்பன் நிறுவனத்தின் பழைய கலன்களில் மின்சாரப் பகுதிக்குரிய சுவிட்ச், வெளிப்பக்கத் தகட்டுக் கதவைத் திறந்தால் கீழ் மூலையில் தென்படும் ஒரு சிறு கறுப்புக் கட்டை. குளிக்க வெந்நீர் வேண்டுமென்றால் மழையோ பனியோ பாராமல் இறங்கிப் போய் அதைப் போட்டுவிட்டு வரவேண்டும். அதற்குச் சோம்பிப் பலர் உள்ளே இருக்கும் பிரேக்கரையே சுவிட்சாக ஆக்கிக்கொள்கிறார்கள். பிரேக்கரோ, பழுது வரும்போது சுற்றை அறுப்பதற்காகச் செய்யப்பட்டது. நாள்தோறும் போட்டு நிறுத்துவதற்கு உரியதன்று. இந்தத் தொகுப்பில் வண்டிக்குள் பொருத்தும் ஒரு சுவிட்ச், அதில் சிவப்பு விளக்கு, கலனருகே வைக்கும் 12 வோல்ட் ரிலே (சிறு மின்னோட்டத்தைக் கொண்டு பெரிய மின்னோட்டத்தைப் போட்டு நிறுத்தும் கருவி), இவற்றை இணைக்கும் கம்பிகள் ஆகியவை இருக்கின்றன. "உட்புறச் சொடுக்கி" என்று எழுதி வைத்திருக்கிறேன். கருத்துச் சொல்லுங்கள்.

தருமபுரியிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, முயற்சிக்கு வாழ்த்துகள். ஆனால் "சொடுக்கி" எனக்கு உடன்பாடன்று. மண்வெட்டி, துருவி என்பவற்றில் இகர விகுதி கருவிப்பொருளில் வருவதுபோலச் சொடுக்கியிலும் வருகிறது, அதில் குறையில்லை. அடிச்சொல்தான் பொருந்தவில்லை. சொடுக்குதல் என்றால் விரலை நெறித்து ஒலி எழுப்புதல், அல்லது சாட்டையை வீசுதல். மேலும், கணினிக்காரர்கள் சுட்டியை அழுத்துவதற்கு அச்சொல்லை எடுத்துக்கொண்டு வெகுகாலம் ஆகிறது. பள்ளிப் பாடநூல்கள் மின்சுற்றில் இதே கருவியைச் "சாவி" என்கின்றன. சாவி போர்ச்சுகீசியர் விட்டுப்போன சொல். ஜன்னலும் அலமாரியும் அதே கப்பலில் வந்திறங்கியவை. நமக்கென்று திறவுகோல் இருக்கும்போது இரவல் எதற்கு? கோலை நீக்கித் "திறவு" என்று கொண்டு, உள் என்பதனோடு புணர்த்தினால் லகர ளகரப் புணர்ச்சி விதிப்படி "உட்டிறவு" ஆகும். உள்ளும் துளையும் சேர்ந்து உட்டுளை ஆவதைப் பாருங்கள். நான்கு எழுத்தும் ஓர் ஒற்றும். பணித்தாளின் கட்டத்தில் இடம் மிச்சமாகும்.

ஓசூரிலிருந்து பொறியாளர்:

மதிப்பிற்குரிய ஐயா, உட்டிறவைக் கண்டதும் என் பணிமனைப் பெண்கள் அது ஏதோ ஊர்ப் பெயர் என்று எண்ணுவார்கள். இலங்கைத் தமிழர் பல காலமாக "ஆளி" என்று எழுதிவருகிறார்கள். அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் அது தெரியும். ஆள்வது ஆளி, மின்னோட்டத்தை ஆள்கிறது. குறுகிய சொல், தூய சொல், ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல். கடலுக்கு அப்பால் நம் மொழியிலேயே விளைந்த ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளாமல் இங்கே நாம் புதிதாக வார்த்துக்கொண்டிருப்பது எனக்கு விளங்கவேயில்லை. "உள்ளாளி" என்று போடுங்கள், முடிந்தது.

தருமபுரியிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

உள்ளாளி என்றால் எதிரணிக்குத் தகவல் கொடுக்கும் உள்ளாள் என்று படிப்பார்களே, ஐயா. தவிர, ஆளி நன்மான் என்று சங்கப் புலவர்கள் பாடிய விலங்கு ஒன்று உண்டு. கோயில் தூண்களில் யாளியாக நிற்பதும் அதன் வழியே. கடைகளில் ஆளி விதை விற்கிறார்கள். முதலாளி, தொழிலாளி, நோயாளி ஆகியவற்றின் ஆளி வேறு. இத்தனை ஆளிகளுக்கு நடுவே இன்னொன்றையும் சேர்க்க வேண்டுமா?

காவேரிப்பட்டணத்திலிருந்து மின்பணியாளர்:

பெரியவர்கள் பேசும் இடத்தில் குறுக்கிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பணித்தாளின் படத்தை இப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். சொல்லின் பின்பாதியைப் பற்றியே வாதம் நடக்கிறது. முன்பாதியில்தான் கோளாறு இருக்கிறது. எரிவாயுப் பகுதிக்கான சுவிட்ச் முன்பே வண்டிக்குள்தான் இருக்கிறது. புதிதாக வைப்பதும் உள்ளேதான். அப்படியிருக்க "உட்புறம்" என்று பெயர் வைத்தால் இரண்டில் எது என்று கோப்பவருக்கு எப்படித் தெரியும்? கம்பியை எரிவாயுச் சுவிட்சின் முனையில் கொண்டுபோய் முறுக்கிவிடுவார்கள்.

மொத்தம் மூன்று சுவிட்சுகள். ஒன்று, எரிவாயுவுக்கு, உள்ளே. இரண்டு, மின்சாரத்துக்கு, கலனின் மேலேயே, வெளியே. மூன்று, நாம் பெயர் தேடுவது. இதைப் பொருத்தியபின் வெளியே உள்ளது எப்போதும் போட்ட நிலையிலேயே இருக்க வேண்டும். உள்ளே உள்ளதுதான் அன்றாடம் வேலை செய்யும். வெளிச் சுவிட்ச் அணைந்திருந்தால் உள்ளே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும், தண்ணீர் சூடாகாது. பயனாளி கலனையே பழுதென்று எண்ணிக் கழற்றிவிடுவார். ஆகவே இடத்தை வைத்துப் பெயரிடாமல் வேலையை வைத்துப் பெயரிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. அந்தச் சூடேற்றும் கம்பி 120 வோல்ட்டில் 1440 வாட், அதாவது 12 ஆம்பியர். அதன் மின்தடை 10 ஓம். நம் ஊர் 230 வோல்ட்டில் யாராவது சோதித்துப் பார்க்கச் செருகினால் 23 ஆம்பியர் இழுத்து 5290 வாட் எரியும். சோதனை மேசையில் மின்மாற்றி வழியாக 120 வோல்ட் தராமல் அதைத் தொடக்கூடாது. கலனில் தண்ணீர் இல்லாமல் போட்டாலும் சிறிது நேரத்திலேயே கம்பி கருகிவிடும். இவ்விரண்டு எச்சரிக்கைகளும் தாளின் முதல் பக்கத்தில் இருக்கின்றனவா?

கிருஷ்ணகிரியிலிருந்து மொழிபெயர்ப்பாளர்:

தண்ணீர் பற்றிய எச்சரிக்கை இருக்கிறது, அண்ணா. 230 வோல்ட் பற்றியது மூலத்திலேயே இல்லை. அமெரிக்காவில் அதற்குத் தேவையில்லை அல்லவா? சேர்த்துவிடுகிறேன். பெயருக்கு "மின்வெந்நீர்ச் சுவிட்ச்" என்று வைத்தால் என்ன? எரிவாயுவினது "எரிவாயுச் சுவிட்ச்", வெளியே உள்ளது "கலன் சுவிட்ச்".

அரூரிலிருந்து அறிவியல் ஆசிரியை:

பெயரை எப்படி முடித்தாலும் முடியுங்கள். "திறவு" மட்டும் வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். எட்டாம் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் நான் படும் பாடு இது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். சுற்றைத் திறந்தால் மின்சாரம் நிற்கும். "சாவி திறந்திருக்கிறது, விளக்கு எரியுமா?" என்று கேட்டால் பாதி வகுப்பு எரியும் என்றே கை தூக்குகிறது. குழாயைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. இந்தத் தொகுப்பில் ரிலேயின் தொடுமுனை வேறு இருக்கிறது. மின்சாரம் வராதபோது அது திறந்தே இருக்கும், சுருளுக்கு 12 வோல்ட் வந்ததும் மூடிக்கொள்ளும். மூடினால்தான் தண்ணீர் சூடாகும். திறவைப் போட்டால் தொடுமுனை மூடும் என்று ஒரே வரியில் எழுத நேர்ந்தால் படிப்பவர் தலையைப் பிடித்துக்கொள்வார். தாளில் வினைச்சொல்லாகப் "போடு", "நிறுத்து" என்பவற்றையே கையாளுங்கள். வீட்டில் எல்லோரும் சுவிட்சைப் போடு, நிறுத்து என்றுதான் சொல்கிறோம்.

தருமபுரியிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது, திறவை வற்புறுத்தமாட்டேன். ஆனால் "சுவிட்ச்" என்று வல்லின மெய்யில் சொல்லை முடிப்பது தமிழின் இயல்பன்று. வடசொல்லை ஏற்பதற்கே தொல்காப்பியர் "வடவெழுத்து ஒரீஇ", அதாவது வடவெழுத்தை நீக்கி, என்று நிபந்தனை விதித்தார். அதே நெறியில் இதை "சுவிச்சு" என்று எழுதலாம். சுவிச்சை, சுவிச்சில், சுவிச்சால் என்று வேற்றுமை உருபும் தடையின்றி ஏறும்.

"மின்வெந்நீர்" என்னும் தொடரையும் ஆராய்ந்தேன். மின்னால் ஆகிய வெந்நீர் என விரிவதால் மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. இலக்கணம் இடம் தருகிறது. காது இடம் தரவில்லை. அது நிற்க. பணித்தாளின் மேல்வரியில் வண்டிக்கு என்ன பெயர் எழுதியிருக்கிறீர்கள்? "கேரவன்" என்றால் நம் மக்களுக்கு நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். உறை என்னும் வினையடியால் "உறையூர்தி" என்று வினைத்தொகையாக ஆக்கலாம். வண்டியைப் பற்றிப் பேசும் உரிமை, அதியமான் ஆண்ட தகடூருக்கு, அதாவது எங்கள் தருமபுரிக்கு, தனியாக உண்டு. நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யும் தச்சன் ஒரு திங்கள் முயன்று செய்த ஒற்றைச் சக்கரத்துக்கு அதியமானை ஒப்பிட்டார் ஔவையார் (புறநானூறு 87). அவன் மகன் பொகுட்டெழினியை, உப்பு வணிகராகிய உமணர் வண்டியின் அடியில் கட்டிக்கொண்டு செல்லும் சேம அச்சுக்கு ஒப்பிட்டார் (புறநானூறு 102). மேடு பள்ளங்களில் ஏறி இறங்கும் நெடும்பயண வண்டியில் எது எப்போது பழுதாகும் என்று யாரும் அறியார். அதனால் மாற்று அச்சு. பிரேக்கரை நம்பாமல் தனிச் சுவிச்சு வைப்பவனும் அந்த உமணர் மரபில் வந்தவனே.

ஓசூரிலிருந்து பொறியாளர்:

ஐயா, சேம அச்சு இனித்தது. ஆனால் உறையூர்தி என்றால் சோழர் தலைநகரோடு ஏதோ ஒரு "தி" ஒட்டிக்கொண்டதாகவே படிப்பார்கள். தலைப்பில் "வீட்டு வண்டி" இருக்கட்டும்.

சுவிட்ச் என்னும் சொல்லுக்கு என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். இன்று வசதிக்காக விட்டுக்கொடுத்தால், நாளை ரிலே, பிரேக்கர், தெர்மோஸ்டாட் எல்லாம் அதே வாயிலில் நுழையும். கடைசியில் தமிழுக்கு எஞ்சுவது "ஐ", "இல்", "ஆல்" மட்டுமே.

காவேரிப்பட்டணத்திலிருந்து மின்பணியாளர்:

அவை நுழைந்து எத்தனையோ காலம் ஆகிறது, ஐயா. கடையில் போய் "இருபது ஆம்பியர் டிபி சுவிட்ச், விளக்கு வைத்தது" என்று கேட்டால் கீசருக்கா என்று கேட்டு எடுத்துக் கொடுப்பார்கள். ஆளி கேட்டால் நாட்டு மருந்துக் கடையைக் காட்டுவார்கள். உங்கள் பணிமனையிலேயே சூளகிரியிலிருந்து வருபவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறார்கள், தளியிலிருந்து வருபவர்கள் கன்னடம் பேசுகிறார்கள். மூன்று மொழிக்காரருக்கும் பொதுவாக அந்த மேசையில் புழங்கும் சொல் சுவிட்ச் ஒன்றுதான். கதை எழுதும்போது ஆளியை எழுதுங்கள், நானே படித்து மகிழ்வேன். 12 ஆம்பியர் ஓடும் கம்பியைக் கையில் பிடித்திருப்பவர் ஒரு நொடி தயங்கி யோசிக்கும்படியான சொல் அந்தத் தாளில் இருக்கக்கூடாது.

அந்த வண்டிக்காரர்களுக்கு இது ஏன் இவ்வளவு தேவைப்படுகிறது என்பதையும் தாளில் இரண்டு வரி எழுதினால், கோக்கும் பெண்களுக்கு வேலையின் பொருள் விளங்கும். அவர்கள் தங்கும் முகாம்கள் பலவற்றில் வண்டிக்குக் கிடைப்பது 30 ஆம்பியர், அதாவது 3600 வாட். வெந்நீர்க் கலனே 12 ஆம்பியரை எடுத்துக்கொள்கிறது. ஏசி ஓடிக்கொண்டிருக்கையில் மைக்ரோவேவ் அடுப்பையும் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். சோற்றைச் சூடாக்கும் நேரத்துக்கு வெந்நீரை நிறுத்தி, பிறகு போட வேண்டும். ஒரு நாளில் பலமுறை தொட வேண்டிய சுவிட்ச் இது. கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டியதன் காரணம் அதுதான். ரிலே வைப்பதால், உள்ளே வரும் கம்பியில் ஓடுவது சுருளுக்கான சிறு மின்னோட்டம் மட்டுமே. மெல்லிய கம்பி போதும். 120 வோல்ட் கலனருகிலேயே நின்றுவிடுகிறது.

கிருஷ்ணகிரியிலிருந்து மொழிபெயர்ப்பாளர்:

அச்சகத்தார் இரண்டாம் முறை அழைத்துவிட்டார்கள். வந்த கருத்துகளின்படி "மின்வெந்நீர்ச் சுவிட்ச்" என்றே தலைப்பில் போகிறது. எரிவாயுச் சுவிட்ச், கலன் சுவிட்ச் ஆகியவை படத்தில் வேறு வேறு நிறத்தில் குறிக்கப்படும். வினைகள் போடு, நிறுத்து. தொடுமுனைக்குத் திற, மூடு என்பவற்றை எழுதாமல் "சேரும்", "விலகும்" என்று எழுதிவிட்டேன். ஆசிரியை அம்மாவின் கவலைக்கு அதுவே மருந்தாகத் தோன்றியது. 230 வோல்ட் எச்சரிக்கை கட்டம் கட்டி முதல் பக்கத்தில் நிற்கிறது. சுவிச்சு அழகாகத்தான் இருக்கிறது, ஐயா. ஆனால் பணிமனை மேலாளர் அதை அச்சுப்பிழை என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

ஓசூரிலிருந்து பொறியாளர்:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன்; உடன்படவில்லை. என் பணிமனையின் அடுத்த தாளில் ஆளி என்றே எழுதி, பக்கத்தில் படமும் போடப் போகிறேன். யார் தயங்குகிறார்கள் என்று பார்ப்போம்.

தருமபுரியிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, அச்சுக்குப் போகுமுன் ஒன்று. எரிவாயுவுக்குப் பின்னும் வெந்நீருக்குப் பின்னும் சகர ஒற்று மிகும். கலனுக்குப் பின் மிகாது. மெய்ப்பு பார்ப்பவர் மூன்றும் ஒன்றுபோல் இருக்கட்டும் என்று கைவைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரிலேக்கு என்னிடம் ஒரு சொல் இருக்கிறது. அதைத் தனி மடலில் எழுதுகிறேன்.