புகைப்படத்தை லினோ அச்சாக்கும்போது முகம் கறுத்துவிடுகிறது

கேள்வி:
வணக்கம். மயிலாப்பூர் தெப்பக்குளப் படியில் என் பாட்டி அமர்ந்திருக்கும் பழைய புகைப்படத்தை லினோலியம் என்ற மென்மையான தகட்டில் செதுக்கி, மை பூசித் தாளில் அச்சிட்டு, உறவினர்களுக்கு 20 பிரதிகள் கொடுக்க விரும்புகிறேன். கைப்பேசியில் அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால், முகத்தின் பாதி கறுத்து மூக்குத்திகூட மறைந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
செயலி தரும் படத்தை அப்படியே நம்ப வேண்டாம். ஒரே மையில் அச்சிடும் லினோவில் சாம்பல் நிறம் இல்லை. நெருக்கமான கோடுகளால்தான் சாம்பல் போன்ற தோற்றத்தை உண்டாக்க முடியும் என்பதால், படத்தின் மீது மெல்லிய தாளை வைத்து, எந்த நிழல் கோடாக வேண்டும் என்பதை நீங்களே வரைந்து முடிவு செய்யுங்கள். வங்க ஓவியர் நந்தலால் போஸ் 1930-இல் தண்டி யாத்திரையையொட்டிச் செதுக்கிய காந்தியடிகளின் உருவத்தைப் பாருங்கள். கறுப்புப் பின்னணியில் வெண்கோடுகளே ஆளைக் காட்டிவிடுகின்றன. மூக்குத்திக்கு ஒரு புள்ளி போதும், ஆனால் அதைக் கடைசியில் செதுக்குங்கள்.

மறுமொழி 2:
லேசர் நகலைக் கவிழ்த்து வைத்து, அசிட்டோன் நனைத்த பஞ்சால் பின்புறம் அழுத்தினால் படம் லினோவில் இறங்கிவிடும். அது தானாகவே இடவலம் மாறி, அச்சிடும்போது மீண்டும் நேராகிவிடுவதால், முன்கூட்டியே கணினியில் திருப்பிவிடாதீர்கள். நான் திருப்பி, ஒரு பலகையை வீணாக்கினேன். சன்னல்களைத் திறந்து வையுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. அச்சு இயந்திரம் இல்லை, கரண்டி போதுமா?

மறுமொழி 1:
தாராளமாக. கரண்டியின் பின்புறத்தால் சீராகத் தேயுங்கள். சென்னை வெயிலில் நீர் மை, அதைப் பூசும் உருளையிலேயே காய்ந்துவிடும். எண்ணெய் மையே நல்லது, உலர மட்டும் சில நாட்கள் பொறுக்க வேண்டும்.