எச்எஸ்வி-2 ரிப்போர்ட்டில் 1.8: எங்கே உறுதிசெய்வது?

தருமபுரியில் இருக்கிறேன், வயது 31. வீட்டில் கல்யாணப் பேச்சு ஓடுகிறது, அதனால் நானே போய் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். எச்ஐவி, விடிஆர்எல் (சிபிலிஸ் பரிசோதனை) நெகட்டிவ். எச்எஸ்வி-2 (பிறப்புறுப்பு ஹெர்பிஸ் வைரஸ்) ஐஜிஜி என்ற எதிர்ப்பொருள் மட்டும் 1.8, லேப் கணக்கில் 1.1-க்கு மேல் பாசிட்டிவ். ஐஜிஎம் என்ற இன்னொரு எதிர்ப்பொருள் பார்டர்லைன், அதை நம்பவே வேண்டாம் என்று டாக்டர் ஒதுக்கிவிட்டார். கொப்புளம், புண், எரிச்சல் எதுவும் இதுவரை வந்ததில்லை, அப்புறம் புண்ணிலிருந்து மாதிரி எடுத்து வைரஸைத் தேடும் பிசிஆருக்கு எதை எடுப்பது? பழைய உறவு முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

ஐஜிஜி 3-க்குக் கீழே என்றால் பொய்யான பாசிட்டிவாக இருக்கலாம், வேறு முறையில் உறுதிசெய்யச் சொல்கிறது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிசி. அதே லேபில் மறுபடி கொடுத்தேன், 1.6. அப்படி உறுதிசெய்யும் வெஸ்டர்ன் பிளாட் பரிசோதனையைக் கேட்டால், சேலத்தில் "எச்ஐவிக்கா?" என்கிறார்கள்.

பெங்களூரு, வேலூர், சென்னையில் எச்எஸ்வி-2-ஐ உறுதிசெய்யும் இரண்டாவது பரிசோதனையை எங்கே செய்கிறார்கள்?