கன்ட்ரோல் லேசரை மாற்றியும் கதிரின் நகர்வு மாறவில்லை, அவசர உதவி

கோச்சடைக்காரன்: எம்எஸ்சி ப்ராஜெக்ட், திங்கட்கிழமை ரிவ்யூ. எதிரொளிக்கும்போது கதிர் பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளிப்போவதுதான் கூஸ்-ஹென்ஷன் நகர்வு. அணுக்களின் மேல் இரண்டாவதாக ஒரு கன்ட்ரோல் லேசரை அடித்து அதைக் கூட்டிக் குறைக்கலாம் என்று படித்து ப்ரோக்ராம் எழுதினேன். ராபி அதிர்வெண்ணை, அதாவது கன்ட்ரோலின் வலிமையை, 1 காமாவிலிருந்து (காமா என்பது அணுவின் சொந்த அகலம்) 5 காமா வரை மாற்றினாலும் ஐந்து கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. எங்கே தப்பு?

தெப்பக்குளம்77: என்ன அமைப்பு? எதிரொளித்த கதிரா, ஊடுருவிய கதிரா? ஒளியின் மின்புலம் படுதளத்துக்குக் குறுக்கேயா (டிஇ), அதற்குள்ளேயா (டிஎம்)? எதையும் சொல்லாமல் எங்கே தப்பு என்றால் நாங்கள் ஜோசியமா பார்ப்பது?

கட்டப்பிரியன்: ஒளியலையின் கட்டத்தை (ஃபேஸ்) அன்ராப் செய்திருக்க மாட்டாய், அதாவது அதன் குதிப்புகளை ஒட்டித் தொடர்கோடாக்கியிருக்க மாட்டாய். ஆர்ட்மன் சூத்திரப்படி, கட்டம் படுகோணத்தோடு மாறும் வேகத்தைப் பொறுத்ததுதான் நகர்வு. கட்டம் π-யிலிருந்து மைனஸ் π-க்குக் குதிக்கும் இடத்தில் பொய்யாக ஓர் ஊசி முளைக்கும். கோணம் டிகிரியில் இருந்தால் 57 மடங்கு பிசகும், அதையும் பார்.

கோச்சடைக்காரன்: இரண்டு கண்ணாடித் தகடு, நடுவே ரூபிடியம் 87 அணுக்கள், மூன்று ஆற்றல் மட்டம், 795 நானோமீட்டர் ஒளி. டிஇ, எதிரொளிப்பு. அன்ராப் செய்தாச்சு, ரேடியன்தான். ஊசி எதுவும் இல்லை அண்ணே, கோடு அசையவே மாட்டேன் என்கிறது.

பழையவாத்தியார்: 1947-இல் கூஸும் ஹென்ஷனும் கண்ணாடித் தகட்டுக்குள் ஒளியைப் பலமுறை எதிரொளிக்கவைத்து, ஓர் அலைநீளம் அளவே வரும் நகர்வைச் சேர்த்துச் சேர்த்து அளந்து காட்டினார்கள். இப்போது பட்டனைத் தட்டிவிட்டுக் கோடு வரவில்லை என்கிறார்கள். முதலில் அடிப்படையைப் படிக்கவும்.

வெப்பவாயு: டாப்ளர் விரிவை, அணுக்கள் ஓடுவதால் நிறமாலைக் கோடு அகலமாவதை, சேர்த்தாயா? அறை வெப்பத்திலேயே 500 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வரும், அணுவின் சொந்த அகலம் 6 கூடக் கிடையாது. நம்மூர் சித்திரை வெயிலுக்கு இன்னும் கூடும்.

கட்டப்பிரியன்: வாத்தியார் சார், அது கூஸ் இல்லை. ஜெர்மன் உச்சரிப்பில் கோஸ்.

பழையவாத்தியார்: முப்பது வருடம் கூஸ் என்றுதான் பாடம் நடத்தினேன்.

வெப்பவாயு: கோஸ் என்றால் மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மூட்டையாகவே கிடைக்கும்.

பழையவாத்தியார்: கிண்டல் வேண்டாம்.

தெப்பக்குளம்77: கோஸை விடுங்கப்பா. தம்பி, ப்ரோப் டீட்யூனிங், அதாவது நீ அளக்கும் கதிர் அணுவின் ஒத்ததிர்விலிருந்து விலகிய அளவு, எவ்வளவு? கீழ் மட்டங்கள் இரண்டுக்கும் இடையிலான ஓரியல்பின் (கட்டப் பிணைப்பின்) சிதைவு எவ்வளவு?

கோச்சடைக்காரன்: இரண்டும் பூஜ்யம். ஒத்ததிர்வில்தானே இஐடி, அதாவது கன்ட்ரோலால் அணுக்கள் ப்ரோப்புக்கு ஒளிபுகுவதாக மாறுவது, வரும்?

தெப்பக்குளம்77: அங்கேதான் இடிக்கிறது. மின் ஏற்புத்திறன் (ப்ரோப் ஒளிக்கு அணுக்கள் காட்டும் எதிர்வினை) சூத்திரத்தின் தொகுதியில் அந்த இரண்டும்தான் இருக்கின்றன. இரண்டும் பூஜ்யமானால் தொகுதியே பூஜ்யம், பகுதியில் ராபி 1 இருந்தால் என்ன, 5 இருந்தால் என்ன? அணுக்கள் ஒளியை உறிஞ்சாத இருள்நிலைக்குப் போய்விட்டன, ப்ரோப் கதிருக்கு அவை இல்லாத மாதிரிதான். காலித் தகடுகளின் நகர்வையே ஐந்து தடவை வரைந்து வைத்திருக்கிறாய். ப்ரோப் டீட்யூனிங்கை மட்டும் 0.2 காமா வைத்து ஓட்டு, கன்ட்ரோலைத் தொடாதே. சிதைவுக்கும் 0.001 காமாவாவது கொடு. அந்தச் சிதைவோடு ராபி 0 போட்டு ஒரு கோடு வரைந்திருந்தால் அது தனியாக நின்று அப்போதே காட்டிக் கொடுத்திருக்கும்.

கட்டப்பிரியன்: எதற்கும் அன்ராப்பை இன்னொரு தடவை பார்த்துவிடு.

கோச்சடைக்காரன்: பிரிந்துவிட்டது அண்ணே, ஐந்தும் தனித்தனி. நன்றி. லேப்டாப்பில் சார்ஜ் இல்லை, கரண்டும் இல்லை, வருகிறேன்.

பழையவாத்தியார்: கூஸ்தான்.