புது அஞ்சல் சட்டத்தில் என்னதான் மாறியது?

மஞ்சப்பை: ரெஜிஸ்டர் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்தது 2023 அஞ்சலகச் சட்டத்தாலா? டீக்கடையில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பழைய முத்திரை: இல்லைங்க, அது துறையின் நிர்வாக முடிவு, 2025-ல் வந்தது. சட்டம் 2024 ஜூன் 18-லேயே அமலாகிவிட்டது. 1898 சட்டப்படி கடிதம் கொண்டுபோகும் தனி உரிமை அரசுக்குத்தான், அதனால்தான் கூரியர்காரர்கள் கவருக்குள் இருப்பதைக் கடிதம் என்று சொல்லாமல் 'டாக்குமெண்ட்' என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். புதுச் சட்டத்தில் அந்தத் தனி உரிமையே கிடையாது.

திண்ணை: சரி, 9-வது பிரிவைப் பார்த்தீர்களா? நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று காரணம் சொல்லித் தபாலை இடைமறித்துப் பிரிக்கலாம். எனக்கு அதுதான் உறுத்துகிறது.

பழைய முத்திரை: அந்த அதிகாரம் 1898-லேயே உண்டு, வெள்ளைக்காரன் விட்டுப்போனது. இப்போது காரணங்களின் பட்டியல்தான் நீண்டிருக்கிறது.