புதுப்பிப்பு: பூச்சி மாத்திரைக்குப் பிறகு முட்டைகள் என்ன ஆகின்றன?

குடற்புழு மருந்துகள் வளர்ந்த புழுவை எப்படிக் கொல்கின்றன என்று முன்பு எழுதியிருந்தேன். மாத்திரை சாப்பிட்ட பிறகு மலத்தில் வெளியேறும் முட்டைகள் மண்ணில் வளருமா என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

அது மருந்தைப் பொறுத்தது. அல்பெண்டசோல், மெபெண்டசோல் இரண்டும் பீட்டா டியூபுலின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அந்தப் புரதம் கோத்துத்தான் நுண்குழல்கள் உருவாகும். அவை இல்லாமல் செல் பிரிய முடியாது. முட்டைக்குள் கரு வளர்வது என்றாலே செல் பிரிவதுதான். அதனால் மருந்து பட்ட முட்டைகளில் ஒரு பகுதி பாதியிலேயே நின்றுவிடுகிறது. எல்லாம் நின்றுவிடும் என்று நம்பிவிடாதீர்கள்.

பைரன்டெல், ஐவர்மெக்டின் கதை வேறு. அவை நரம்பு, தசை வழியாகப் புழுவை முடக்குபவை. புதிதாக இட்ட முட்டையில் நரம்பு ஏது, தசை ஏது? அதனால் முட்டை தப்பிவிடும். உருண்டைப்புழு முட்டை ஈரமண்ணில் சில வாரங்களில் தொற்றும் நிலைக்கு வரும், ஆண்டுக்கணக்கில் உயிரோடும் கிடக்கும். கழிப்பறை வசதி இல்லாமல் மாத்திரை மட்டும் கொடுப்பது போதவே போதாது.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்தது முட்டைப் பொரிப்புச் சோதனை. ஆட்டுப் புழுக்கையிலிருந்து பிரித்த முட்டைகளை, அல்பெண்டசோல் வகையைச் சேர்ந்த தயாபெண்டசோல் என்ற மருந்தின் கரைசலில் சுமார் 48 மணி நேரம் வைத்து, எத்தனை பொரிக்கின்றன என்று எண்ணுவார்கள். நிறையப் பொரித்தால் அந்தப் புழுக்களுக்கு மருந்து எதிர்ப்பு இருக்கிறது, அதாவது இந்த வகை மருந்து அவற்றிடம் சரியாகப் பலிப்பதில்லை. முட்டை புதிதாக இருப்பது முக்கியம்; கரு வளரத் தொடங்கிவிட்டால் எதிர்ப்பு இல்லாத முட்டையும் மருந்துக்கு எளிதில் மசியாது. எதிர்ப்புள்ள புழுக்கள் பலவற்றில் டியூபுலினின் 200ஆம் இடத்தில் ஃபினைல்அலனினுக்குப் பதில் டைரோசின் இருக்கும். ஒரே ஒரு அமினோ அமிலம்தான் மாறியிருக்கிறது!